‘அன்பு மனைவி, பாசமிகு தாய்’: உடுவில் ஹரியற் வின்சிலோவை எப்படி நினைப்பது?

யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் இறந்தால், முப்பத்தோராம் நாளை ஒட்டி ஒரு சின்னப் புத்தகம் எங்கட கைக்கு வரும். கல்வெட்டு எண்டும் சொல்லுவம், நினைவு மலர் எண்டும் சொல்லுவம். சைவக்காரர் வீடு எண்டால் உள்ளே தேவாரம், திருவாசகம் இருக்கும். வேதக்காரர் வீடு எண்டால் சங்கீதமும் கீர்த்தனையும் இருக்கும். முன்பக்கத்தில் படம், அதுக்குப் பிறகு வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, மருமக்கள் பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். சமயம் மாறினாலும் ஒன்று மட்டும் மாறாது. அந்த அம்மா ‘அன்பு மனைவி’யாக, ‘பாசமிகு தாயாக’, ‘கடவுள் பக்தி மிக்கவராக’ இருந்திருப்பார். அவர் என்ன செய்தார் எண்டு தேடினால் அரைப்பக்கம்கூடத் தேறாது.

இந்தக் கட்டுரை அப்படி நினைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் இல்லை. ஆனால் பதின்மூன்று வருசம் இங்கே வாழ்ந்து, இங்கேயே பிள்ளை பெற்று, முப்பத்தாறு வயதில் உடுவிலில் இறந்தவர். பெயர் ஹரியற் வின்சிலோ.

வின்சிலோ எண்ட பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர்களுக்கு அகராதிதான் நினைவுக்கு வரும். 1862 இல் சென்னையில் அச்சான, 67,000 சொற்கள் அளவில் கொண்ட தமிழ் ஆங்கில அகராதி அது. அதைத் தந்த மைரன் வின்சிலோவின் முதல் மனைவிதான் ஹரியற். இந்த வசனத்தைக்கூட ‘இன்னாரின் மனைவி’ எண்டுதான் எழுத வேண்டியிருக்கு, பாருங்கோ. பிரச்சினை இங்கேயே தொடங்குது.

நோர்விச்சிலிருந்து உடுவிலுக்கு

ஹரியற் லேத்ரப் 1796 இல் அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்தில் நோர்விச் எண்ட ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். கலியாணத்துக்கு முன்னமே அந்த ஊரில் ஞாயிறு பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடக்கியவர் எண்டு நோர்விச்காரர் இண்டைக்கும் சொல்லுவினம். அதாவது கணவன் வந்து ‘வேலை’ குடுக்கும் வரைக்கும் சும்மா இருந்த ஆள் இல்லை.

அந்தக் காலத்து அமெரிக்கப் பெண் ஒருத்திக்கு வெளிநாட்டில் சமயப்பணி செய்ய விருப்பம் எண்டால் வழி ஒன்றுதான் இருந்தது, மிசனரி ஒருவரைக் கட்டுவது. தனியாய் ஒரு கன்னிப்பெண்ணை அனுப்புவதற்கு அமெரிக்க மிசன் சங்கம் அப்போது தயாராக இல்லை. கட்டிக்கொண்டு போனாலும் அவர்களின் பதவி ‘உதவி மிசனரி’தான். கணவன் மிசனரி, மனைவி உதவி. ஹரியற் 1819 ஜனவரியில் மைரனை மணந்தார். அதே வருசம் ஜூன் மாதம் ‘இன்டஸ்’ எண்ட கப்பலில் பொஸ்ரனை விட்டார். அந்தக் கப்பலில் அவர்களோடு வந்தவர்கள் ஸ்போல்டிங், ஸ்கடர், வூட்வேட் தம்பதியினர். கல்கத்தா சுற்றி யாழ்ப்பாணம் வந்து, 1820 இல் உடுவிலில் குடியேறினார்கள்.

ஏன் யாழ்ப்பாணம்? அதுக்குப் பின்னாலும் இறந்த ஒரு மனைவியின் கதை இருக்கு. 1812 இல் ஹரியற் நியூவெல் எண்ட இன்னொரு அமெரிக்கப் பெண் கணவனோடு இந்தியாவுக்கு வந்தார். கிழக்கிந்தியக் கொம்பனி அவர்களை இருக்க விடவில்லை. மொரீசியசுக்குப் போகும் வழியில், கடலிலேயே பிறந்த பிள்ளை இறந்தது. சில வாரங்களில் தாயும் இறந்தார். வயது 19. மனைவியை இழந்த சாமுவேல் நியூவெல் பிறகு இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் தங்கினார். இது வேலை செய்ய ஏற்ற இடம் எண்டு அமெரிக்காவுக்கு எழுதியது அவர்தான். 1816 இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அமெரிக்க மிசன் கால் வைத்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

நியூவெல் அம்மையாரின் கடிதங்களும் நாட்குறிப்பும் 1814 இல் புத்தகமாக வந்தன. அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பெண்கள் அதை வாசித்து அழுதார்கள். அழுததோடு நிற்காமல் சிலர் கப்பலும் ஏறினார்கள். ஆகவே நினைவுப் புத்தகம் எண்டது இறந்தவருக்கு மட்டும் எழுதுவதில்லை, இருப்பவர்களை ஒரு வேலைக்குத் தயார்படுத்தவும்தான் எழுதப்படுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

மழை நாளும் ஒரு வாழைப்பழமும்

உடுவிலில் பெட்டைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியது 1824 இல். இண்டைய உடுவில் மகளிர் கல்லூரியின் தொடக்கம் அது. எப்படித் தொடங்கியது எண்டதுக்கு மிசன்காரரின் பழைய புத்தகங்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும்.

ஒருநாள் பின்னேரம் சகோதரிகள் இரண்டு பேர் மிசன் வளவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாரி மழை பிடித்துக்கொண்டது. வீட்டை போக முடியவில்லை, பசி வந்தது, அழத் தொடங்கினார்கள். வின்சிலோ அம்மா பாணும் வாழைப்பழமும் குடுத்தார். தங்கச்சி சாப்பிட்டாள். அக்கா மறுத்துவிட்டாள். மழை விட்ட பிறகு பெற்றோர் தேடி வந்தார்கள். சின்னவள் சாப்பிட்டது தெரிந்ததும் பெரிய பிரளயம். சாதி போய்விட்டது, இனி இவளை ஆர் கட்டுவான்? கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு, நீங்களே இவளை வைத்திருங்கோ, படிப்பியுங்கோ, சீதனமும் நீங்களே குடுங்கோ எண்டது. பிள்ளை மணலில் எழுத்துப் பழகினாள், கெதியில் வாசிக்கவும் தொடங்கினாள். இதைக் கண்ட பெற்றோர் பிறகு அக்காவையும் கொண்டுவந்து விட்டார்கள்.

மிசன்காரர் இந்தக் கதையைத் தங்கட கருணைக்குச் சாட்சியாகச் சொன்னார்கள். எனக்கு இது யாழ்ப்பாணச் சமூகத்தின் எக்ஸ்ரே படம் மாதிரித் தெரியுது. ஒரு வாழைப்பழம் சாதியை முறிக்கும். சாதி முறிந்தால் கலியாணம் முறியும். கலியாணம் முறிந்தால் அந்தப் பெண்பிள்ளை வீட்டுக்குத் தேவையில்லாதவள். அதேநேரம் பெற்றோரின் பேரத்தையும் கவனியுங்கோ. பிள்ளையைக் கைவிட்ட மாதிரித் தெரிந்தாலும், சோறு, படிப்பு, சீதனம் மூன்றையும் எழுதி வாங்கிவிட்டுத்தான் போகினம்.

சீதனம் இங்கே சும்மா வந்த சொல் இல்லை. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பெண்ணின் சொத்து. தாயிடமிருந்து மகளுக்குப் போவது. காணியில்லாத பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. ஆனால் அந்தக் காணியைக் கணவனின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. இந்த நிபந்தனை இண்டைக்கும் சட்டத்தில் இருக்கு. உடுவிலில் படித்து முடித்துக் கிறிஸ்தவனைக் கட்டும் பிள்ளைகளுக்கு மிசனே சீதனம் குடுத்தது இந்தப் பின்னணியில்தான். சீதனம் தவறு எண்டு பிரசங்கம் செய்ய அவர்களுக்கு அப்போது நேரமிருக்கவில்லை. பிள்ளைகள் வருவதே பெரிய பாடு. பெட்டை படித்து என்ன செய்யப்போறாள், எழுத்து வாசிப்பு எண்டது கோவில் தேவரடியாருக்கு உரியது எண்டு ஊர் சொன்னதாக மிசனரிமார் எழுதி வைத்திருக்கினம். ஔவையாரைப் பாடமாக்கிய ஊர்தான் இப்படிச் சொன்னது.

மனைவிமாரைச் செய்யும் பள்ளிக்கூடம்

1823 இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரி தொடங்கியிருந்தது. அங்கே ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், தமிழிலக்கணம் எல்லாம் நடந்தது. அடுத்த வருசம் உடுவில். இரண்டுக்கும் இடையில் ஒரு தெளிவான கணக்கு இருந்தது, மிசனரிமார் அதை மறைக்கவும் இல்லை. வட்டுக்கோட்டையில் படித்துக் கிறிஸ்தவராகும் பெடியங்கள் சைவப் பெண்ணைக் கட்டினால் வீட்டுக்குள் மதம் திரும்பிவிடும். ஆகவே அவர்களுக்குக் கிறிஸ்தவ மனைவி வேண்டும், அடுத்த தலைமுறைக்குக் கிறிஸ்தவத் தாய் வேண்டும். உடுவிலில் வாசிப்பு, எழுத்து, வேதாகமம், கணக்கு, தையல் எல்லாம் அதுக்காகத்தான்.

அதாவது ‘பக்தியுள்ள கிறிஸ்தவ மனைவியும் தாயும்’ எண்டது உடுவிலில் ஒரு பாடத்திட்டம். ஹரியற் அந்தப் பாடத்தைப் படிப்பித்தவர். அதேநேரம் அந்தப் பாடத்துக்குக் காட்டப்பட்ட மாதிரியும் அவர்தான். பிள்ளைகள் மிசன் வீட்டு வளவிலேயே வளர்ந்தார்கள். அம்மா எப்படி ஜெபிக்கிறா, எப்படிச் சாப்பிடுறா, கணவனோடு எப்படி ஒரே மேசையில் இருக்கிறா எண்டதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள்.

இதைச் சும்மா ‘காலனியச் சதி’ எண்டு தள்ளிவிடலாம்தான். நான் அப்படித் தள்ளமாட்டன். நல்ல மனைவி ஆவதற்காக எழுத்துப் பழகிய பிள்ளையிடமிருந்து, மனைவி ஆன பிறகு அந்த எழுத்தைத் திருப்பி வாங்க முடியாது. உடுவிலில் படித்தவர்களில் பலர் பிறகு ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாராய்ப் படிப்பித்தார்கள். 1840 இல் வந்த எலைசா அக்னியூ கிட்டத்தட்ட நாற்பது வருசம் அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தினார். தாய், மகள், பேத்தி எண்டு மூன்று தலைமுறையை ஒரே ஆள் படிப்பித்தார். கலியாணமே கட்டாத அவரைத்தான் ‘ஆயிரம் மகள்களின் தாய்’ எண்டு சொன்னார்கள். கலியாணம் கட்டாத பெண்ணைப் புகழவும் தாய் எண்ட சொல்தான் வேண்டியிருந்தது.

உடுவிலுக்குப் பக்கத்தில், மருதனார்மடத்தில், 1913 இல் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி தொடக்கினார். அதைக் கட்டி வளர்த்ததில் பெரிய பங்கு அவருடைய அவுஸ்திரேலிய மனைவி லீலாவதிக்கு உண்டு. ‘நல்ல மனைவி’யைச் செய்வதற்கான போட்டியில் சைவமும் கடைசியில் பள்ளிக்கூடம் கட்டத்தான் வேண்டிவந்தது.

சாள்ஸ்

ஹரியற்றின் வாழ்க்கையில் ஆகக் கடினமான இடம் அவருடைய சொந்தப் பிள்ளைகள்.

மிசனரிமார் தங்கட பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் பெரிய ஆளாகும்வரை வைத்திருக்க விரும்பவில்லை. வெப்பமும் வருத்தமும் ஒரு காரணம். ‘அஞ்ஞானிகள்’ நடுவில் வளர்ந்தால் பிள்ளை கெட்டுப்போகும் எண்ட பயம் மற்றக் காரணம். ஆகவே ஓரளவு வளர்ந்ததும் கப்பலேற்றி அமெரிக்காவில் உறவினரிடம் அனுப்பிவிடுவார்கள். கடிதம் போய்ச்சேரவே பல மாதம் எடுக்கும் காலம். திரும்பப் பார்ப்போமா எண்டு தெரியாத பிரிவு அது.

ஹரியற்றின் மூத்த மகன் சாள்ஸ் 1821 இல் இங்கே பிறந்தவன். அவனையும் அப்படித்தான் அனுப்பினார்கள். 1832 இல், பதினொரு வயதில், நியூயோர்க்கில் அவன் இறந்தான். அடுத்த வருசம் ஜனவரி 14 இல் ஹரியற் உடுவிலில் இறந்தார்.

ஒரு கணம் யோசித்துப் பாருங்கோ. ஊர்ப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தன் வளவுக்குள் வைத்து வளர்க்கும் ஒரு பெண், அதே ஊரின் நடுவில் வளரக் கூடாது எண்டு தன் பிள்ளையைத் தன்னிடமிருந்து பிரித்து அனுப்புகிறார். இரண்டையும் செய்ய வைத்தது ஒரே நம்பிக்கைதான். இதை இரக்கமில்லாதவள் எண்டு சொல்வதும் பிழை, தியாகி எண்டு சொல்லிக் கும்பிடுவதும் பிழை. அவர் உண்மையாய் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு விலை குடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் மட்டும் இல்லை.

மைரன் மிஞ்சிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனார். அவர்களில் ஒருத்திக்கும் தாயின் பெயர்தான், ஹரியற். இங்கே பிறந்த அந்த மகள் பிறகு ஜோன் வெல்ஷ் டலஸ் எண்டவரை மணந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள்தான் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர் ஜோன் பொஸ்ரர் டலஸும், சீஐஏ தலைவர் அலன் டலஸும். 1950களின் உலக அரசியலை ஆட்டிவைத்த இரண்டு பேரின் பாட்டி எங்கட தீபகற்பத்தில் பிறந்தவர். அவர்களுக்கு எலனர் எண்டு ஒரு சகோதரியும் இருந்தார். பொருளியல் படித்து, வெளிவிவகாரத் திணைக்களத்தில் பேர்லின் விடயங்களைப் பார்த்தவர். அண்ணன்மாரைத் தெரிந்த அளவுக்கு அவரை ஆருக்கும் தெரியாது. இந்தக் குடும்பத்திலும் அந்த வழக்கம் மாறவில்லை.

வெட்டித் தைத்த புத்தகம்

1835 இல் நியூயோர்க்கில் ஹரியற்றின் நினைவுப் புத்தகம் வந்தது. தொகுத்தவர் கணவர் மைரன். ஹரியற் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எடுத்துக் கோர்த்து, இடையிடையே இலங்கை மிசனின் வரலாற்றையும் சேர்த்து எழுதினார். குரல் ஹரியற்றினுடையது, கத்தரிக்கோல் மைரனுடையது.

கணவனில் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அவர் தொகுக்காவிட்டால் எங்களுக்கு ஹரியற்றே இல்லை. ஆனால் ஹரியற் நியூவெல்லின் புத்தகத்தை நினைத்துப் பாருங்கோ. அதே மாதிரி இதுவும் ஒரு வேலைக்காக எழுதப்பட்டது. அடுத்த பெண்ணைக் கப்பலேற்ற வேண்டும். மிசனுக்குக் காசு சேர்க்க வேண்டும். அப்படியான புத்தகத்தில் பக்தி இருக்கும், பொறுமை இருக்கும், மரணப்படுக்கையில் அமைதி இருக்கும். கோபத்துக்கும் சலிப்புக்கும் ‘இந்த வேலை எனக்கு ஏலாது’ எண்ட இரவுகளுக்கும் அங்கே இடம் குறைவு. பதின்மூன்று வருசமாய்ப் பிள்ளை பெற்றும், பிள்ளையைப் பறிகொடுத்தும், இன்னொரு வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தும், தெரியாத மொழியில் படிப்பித்தும் வாழ்ந்தவருக்கு அப்படியான இரவுகள் இல்லாமலா இருந்திருக்கும்?

எங்கட கல்வெட்டுகளும் இதே தொழிலைத்தான் செய்யினம். அம்மாவை நல்லவராய்க் காட்டுவது அம்மாவுக்காக மட்டும் இல்லை. மருமகளும் பேத்தியும் அதை வாசிக்க வேணும், வாசித்து அப்படியே இருக்க வேணும்.

மற்ற அம்மா

ஹரியற்றைப் பற்றி எழுத எங்களுக்குக் குறைந்தது ஒரு புத்தகம் இருக்கு. மழையில் பிள்ளையைத் தேடி வந்த அந்தத் தாய்க்கு அதுவும் இல்லை. அவர் பெயர்கூடக் கதையில் வருவதில்லை. கதையில் அவர் கோபப்படுகிறார், சாதி போச்சு எண்டு சொல்கிறார், பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறார். அண்டிரவு அவர் வீட்டில் என்ன நடந்தது? தகப்பன் சொன்னதுக்குத் தலையாட்டினாரா, அல்லது சீதனப் பேரம் அவருடைய யோசனைதானா? பிறகு அக்காவையும் கொண்டுபோய் விட்டது ஆருடைய முடிவு? பெட்டை வாசிக்கிறதைக் கண்டு அந்தத் தாய்க்கும் ஒரு ஆசை வந்ததா?

மகள்மாருக்கும் சொந்தப் பெயர் மிஞ்சவில்லை. மிசன் பள்ளிக்கூடங்களில் பிள்ளை ஒன்றின் செலவை அமெரிக்காவில் இருந்து ஒருவர் ஏற்றால், அவர் சொல்லும் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். ஆண்களுக்கும் இதுதான். 1841 இல் தொடங்கிய ‘உதயதாரகை’யின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் எங்கட ஊர்த் தமிழர்தான். ஆனால் ஆண்களில் சிலருக்குப் பத்திரிகையும் புத்தகமும் இருந்ததால் அவர்களைத் தேடிப் பிடிக்கலாம். உடுவிலில் படித்து, ஒரு அமெரிக்கப் பெயரோடு வெளியே போய், பிறகு ‘இன்ன வாத்தியாரின் மனைவி’யாகிப் போன பெண்ணை இரண்டு பெயருக்கும் அடியில் எங்கே தேடுவது?

அவர்களுக்கும் ‘பக்தியுள்ள மனைவி, தாய்’ எண்ட பட்டம் கிடைத்திருக்கும். கிடைத்தது அதுமட்டும்தான்.

அடுத்த மலரை எழுதப்போகிறவர்களுக்கு

இதை வாசிக்கிற உங்களில் பலர் ஒருநாள் வீட்டு நினைவு மலருக்கு எழுத வேண்டிவரும். ‘நீதானே படிச்சனி, நீ எழுது’ எண்டு சொல்லுவினம். அழுகைக்கு நடுவில், அச்சகக்காரன் அவசரப்படுத்த, பழைய மலர் ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றி எழுதுவதுதான் வழக்கம். அப்படிச் செய்ய வேண்டாம் எண்டு கேட்கிறன்.

பக்தியை விடச் சொல்லவில்லை. ஹரியற்றின் பக்தியை எடுத்துவிட்டால் அவர் ஏன் வந்தார் எண்டே விளங்காது. உங்கட அம்மம்மா அதிகாலை எழும்பி ஜெபித்தவர் எண்டால் அதை எழுதுங்கோ. என்ன கேட்டு ஜெபித்தார் எண்டதையும் எழுதுங்கோ. எங்கே படித்தார், எந்த வகுப்போடு நிப்பாட்டினார்கள், ஆர் நிப்பாட்டியது? சீதனக் காணி எங்கே கிடந்தது, அது என்ன ஆனது? எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை தப்பியது? 1995 இடப்பெயர்வில் எதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்? பல மலர்களில் அந்த இடப்பெயர்வு ஒரு வசனத்தில் கடந்துபோகும். வீட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அந்த அம்மாதான்.

நூலகம் இணையத்தளத்தில் நினைவு மலர்கள் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து, உங்கட ஊர்ப் பெண்களுடையதாய் ஒரு பத்தை வாசித்துப் பாருங்கோ. ஒவ்வொன்றிலும் அந்தப் பெண் செய்த காரியம் ஏதாவது ஒன்று வருதா எண்டு பென்சிலால் குறியுங்கோ. பிறகு, இருக்கிற அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் போய்க் கேளுங்கோ. அவர்கள் சொல்லக்கூடிய காலத்திலேயே கேளுங்கோ. ஹரியற்றுக்காக மைரன் எழுதினார். இவர்கள் தாங்களே சொல்லட்டும், நாங்கள் எழுதிக்கொள்ளுவம்.